மெம்எஃப்டி_சீக்ரெட் அழைப்பும் ஃபோர்க்கும்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கையொப்பமிடும் தனிச்சாவியை நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு சிறிய சேவை நிரலை லினக்ஸுக்காக சி மொழியில் எழுதி வருகிறேன். இதுவரை, நினைவகப் பக்கங்களைப் பூட்டிவைக்கும் எம்லாக் (mlock) அழைப்பையே நம்பியிருந்தேன். அது பக்கங்கள் வட்டிலுள்ள ஸ்வாப்புக்குப் போகாமல் தடுக்குமே தவிர, நிரல் முறியும்போது அதன் நினைவகத்தைக் கோப்பாகப் பதியும் கோர் டம்ப்பிலிருந்து காக்காது. சோதனைக்காக நிரலை முறித்து, கிடைத்த கோர் கோப்பில் சாவியின் முதல் 16 பைட்டுகளைத் தேடியபோது அவை அப்படியே கிடைத்தன. அன்றே வேறு வழி தேடத் தொடங்கினேன்.

லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) 5.14-இல் வந்த மெம்எஃப்டி_சீக்ரெட் (memfd_secret) என்ற அழைப்பு, தான் தரும் நினைவகப் பக்கங்களைக் கெர்னல் தானே நினைவகத்தை அணுகப் பயன்படுத்தும் நேரடி வரைபடத்திலிருந்தே நீக்கிவிடுவதால், எனக்கு அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. 6.8 கெர்னலில் சிக்கலின்றி இயங்குகிறது. 5.15 உள்ள சர்வரிலோ, பூட் அளவுருவில் சீக்ரெட்மெம்.எனேபிள்=1 என்று கொடுக்காதவரை, ஈநோசிஸ் (ENOSYS, அப்படியொரு அழைப்பு இல்லை) பிழையே வருகிறது.

அத்தகைய கணினியில் எம்லாக்குக்கு இறங்கிவருவது சரியா, நிரல் தொடங்கவே மறுப்பது சரியா? மறுப்பதே நேர்மை என்பது என் எண்ணம்.

அதைவிட முக்கியமான ஐயம், ஒரு செயல்முறை தன் நகலாகச் சேய்ச் செயல்முறையை உருவாக்கும் ஃபோர்க் (fork) பற்றியது. இந்த நினைவகம் மேப்_ஷேர்டு (பகிரப்படும்) வகை என்பதால் சேய்ச் செயல்முறைக்கும் சாவி தெரிகிறது. நினைவகத்தை எப்படிக் கையாள்வது என்று கெர்னலுக்குச் சொல்லும் மேட்வைஸில் (madvise), சேயில் அதை வெறுமையாக்கும் வைப்ஆன்ஃபோர்க் கொடுத்தால் ஈஇன்வால் (EINVAL, செல்லாத அளவுரு) பிழை வருகிறது. எம்மேப் (mmap) மூலம் நினைவகத்தை இணைத்து முடிந்ததும், மெம்எஃப்டி_சீக்ரெட் தந்த கோப்பு விவரிப்பியை மூடிவிட்டு, சேய்க்கு அந்த நினைவகத்தையே தராத டோன்ட்ஃபோர்க் கொடுத்தால் போதுமா? இதை நடைமுறையில் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.