பிரிண்டர் ஏறவில்லை, எரரும் வரவில்லை: அவசரம்

தண்டையார்பேட்டை_ஜெராக்ஸ்: கடை கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, பிரிண்டருக்காக ஒரு குறிப்பைப் பார்த்து வரிவரியாக ஒட்டினேன். இரண்டாவது வரி சத்தமே இல்லாமல் போனது. மூன்றாவதில் 'சூடோ: கமாண்ட் நாட் ஃபவுண்ட்', அப்படி ஒரு கட்டளையே இல்லையாம். நாளைக்குக் கூட்டம் வரும், யாராவது சொல்லுங்கள்.

கேட்_மூடியாச்சு: எந்த லினக்ஸ்? ஒட்டிய வரிகள் எங்கே அண்ணா? ஜோசியமா பார்ப்பது?

ராயபுரம்_ரவுட்டர்: யூஎஸ்பி ஒயரைப் பாருங்கள். என் கடையில் எலி கடித்திருந்தது.

தண்டையார்பேட்டை_ஜெராக்ஸ்: டெபியன் 12. முதல் வரி டாலர் ($) போட்டு எஸ்யூ, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராக மாறுவதற்காம். டாலரோடு ஒட்டினால் திட்டியது, எடுத்துவிட்டேன். அடுத்தது ஹேஷ் (#) போட்டு ஆப்ட் இன்ஸ்டால் கப்ஸ், பிரிண்டரை ஓட்டும் புரோகிராமை ஏற்ற. மூன்றாவது சூடோ யூசர்மாட், யூசரைக் குரூப்பில் சேர்க்கவாம்.

பழைய_பெருச்சாளி: ஹேஷ் என்றால் என்னவென்றே தெரியாதவர் எதற்கு ரூட்டாக உட்கார வேண்டும்? கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல்லின் மேனுவலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கேட்_மூடியாச்சு: அண்ணே, அவர் கடைக்காரர். தப்பு குறிப்பு எழுதியவருடையது. ஒரு வரியில் டாலர், அடுத்ததில் ஹேஷ், அதற்கடுத்து இரண்டும் இல்லாமல் சூடோ!

ஜெராக்ஸ் அண்ணா, டாலர் சாதா யூசருக்கு, ஹேஷ் ரூட்டுக்கு. இரண்டையும் அடிக்கக் கூடாது. ஹேஷோடு ஒட்டினால் ஷெல் அதை வெறும் குறிப்புரை என்று தாண்டிவிடும், எரர்கூட வராது. அதனால் கப்ஸ் இன்னும் ஏறவே இல்லை. டெபியன் போடும்போது ரூட்டுக்குப் பாஸ்வேர்டு கொடுத்திருப்பீர்கள், ஒரு கட்டளையை மட்டும் ரூட்டாக ஓட்டும் சூடோ இல்லாததற்கு அதுதான் காரணமாக இருக்கும். எஸ்யூ, ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு என்று அடித்து உள்ளே போங்கள். டெபியன் 10 முதல் வெறும் எஸ்யூ உங்கள் பழைய பாத்தையே (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) வைத்துக்கொள்ளும், யூசர்மாட் கிடைக்காது. அப்புறம் ஹேஷும் சூடோவும் இல்லாமல் அடியுங்கள்.

ராயபுரம்_ரவுட்டர்: எல்லா வரிக்கும் சூடோ போட்டே எழுதிவிட்டால் தீர்ந்தது.

பழைய_பெருச்சாளி: தீராது. சூடோ எக்கோ என்று போட்டு, அம்புக்குறியால் (>) சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் இடிசி ஃபோல்டரில் ஒரு ஃபைலில் எழுதிப் பாருங்கள். பெர்மிஷன் டினைடு. ஃபைலைத் திறப்பது உங்கள் ஷெல், சூடோ இல்லை. அங்கே டீ வேண்டும், வாங்கியதை ஃபைலில் எழுதும் கட்டளை.

ராயபுரம்_ரவுட்டர்: எனக்கும் ஒன்று, சர்க்கரை கம்மியாக.

பழைய_பெருச்சாளி: இதற்குத்தான் இந்தப் பக்கமே வருவதில்லை.

கேட்_மூடியாச்சு: தினமும் வருகிறீர்களே. ஜெராக்ஸ் அண்ணா, யூசர்மாட்டில் சின்ன ஏவை (-a) விட்டுவிடாதீர்கள், பழைய குரூப்பெல்லாம் போய்விடும். முடிந்ததும் லாக் அவுட் ஆகி வாருங்கள், அப்போதுதான் புது குரூப் சேரும். என்ன ஆச்சு?

கேட்_மூடியாச்சு: அண்ணா?

தண்டையார்பேட்டை_ஜெராக்ஸ்: கப்ஸ் ஏறியது. யூசர்மாட்டும் ஆச்சு. லாக் அவுட் ஆவதற்குள் கரண்ட் போய் வந்தது. இப்போது பிரிண்டர் தெரிகிறது. ஆள் நிற்கிறார்கள், வருகிறேன்.