பாடக் குறிப்பு தயாரிக்க ஏஐ: உங்கள் அனுபவம் என்ன?

பொருளியல் ஆசிரியர், வியாசர்பாடி

இளங்கலை மாணவர்களுக்குத் தொழிலாளர் பொருளியல் எடுக்கிறேன். எண்ணூர், எர்ணாவூர், கொருக்குப்பேட்டை, பட்டாளம் பக்கத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். மாலையில் கடையிலோ டெலிவரி வேலையிலோ இருப்பார்கள். தடித்த பாடநூலோடு உட்கார நேரம் கிடைப்பதில்லை. சுருக்கமாகவும் அவர்களுக்கு ஒட்டுகிற மாதிரியும் நோட்ஸ் கொடுக்க வேண்டும் என்றுதான் ஏஐ பக்கம் போனேன்.

தொழிற்சங்க இயக்கம் பற்றிய யூனிட்டுக்கு நோட்ஸ் கேட்டேன். வரிசையாக, நல்ல நடையில் தந்தது. ஆனால் 1920-இல் பம்பாயில் ஏ.ஐ.டி.யு.சி. (அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ்) தொடங்கியதைச் சொல்லிவிட்டு நேராக 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்குத் தாவிவிட்டது. பெரம்பூரைக் காணவே இல்லை. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் இருந்த பி அண்டு சி (பக்கிங்ஹாம் அண்டு கர்நாடிக்) பஞ்சாலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. முன்னின்று உழைத்தார். பிறகு ஆலை நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. சங்கம் நடத்துகிறவருக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்பது அப்போதுதான் வெட்டவெளிச்சமானது. அதைத் தொடர்ந்து 1921-இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926 சட்டத்துக்கான வழி அங்கிருந்துதான் திறந்தது. நம் தெருவில் நடந்த இந்தக் கதை இல்லாமல் நம் பிள்ளைகளுக்கு அந்த யூனிட்டை எப்படி நடத்துவது?

இதையெல்லாம் நானே சில பக்கங்கள் எழுதிக் கொடுத்தேன். பாடநூல் பகுதியையும் சேர்த்துப் போட்டு, "இதில் இருப்பதை மட்டும் வைத்து எழுது, இல்லாததைச் சேர்க்காதே, விவரம் போதாத இடத்தைக் காலியாக விடு" என்று சொன்னேன். அப்புறம் வந்ததுதான் உருப்படியான நோட்ஸ். அதிலிருந்தே இரண்டு மதிப்பெண் கேள்விகள், கே-2 (புரிந்துகொள்ளல்), கே-4 (பகுத்தாய்தல்) நிலைக் கேள்விகள், விடைக்குறிப்பு எல்லாம் வாங்கிக்கொண்டேன். இந்த வேலை முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தின்றுவிடும்.

இன்னொரு கேள்வியும் கேட்டுப் பார்த்தேன்: "இதைப் படிக்கும் மாணவர் எங்கெல்லாம் தவறாகப் புரிந்துகொள்வார்?" தொழிலாளர்கள் செய்கிற வேலைநிறுத்தத்தையும் நிர்வாகம் செய்கிற கதவடைப்பையும் ஒன்றாக நினைப்பார்கள் என்றது. வகுப்பில் சரியாக அதே குழப்பம் வந்தது. இப்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் இதைக் கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் போகிறேன். மற்ற எதையும் விட இதுதான் என் பாடம் நடத்தும் முறையை மாற்றியது.

அந்த வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி, தன் தாத்தா 1996-இல் மூடும்வரை அந்த ஆலையில்தான் இருந்தார் என்றாள். அவருடைய பழைய சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பிடித்தம் மூன்றையும் அந்தச் சீட்டை வைத்தே நடத்தினேன்.

வணிகவியல் ஆசிரியை, காசிமேடு

சார் சொல்வது கணக்குப்பதிவியலுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இறுதிக் கணக்குகளுக்குப் புதிய கணக்கு ஒன்று கேட்டால் பார்க்க அழகாகத்தான் தரும். போட்டுப் பார்த்தால் இருப்பாய்வே (பற்றும் வரவும் சமமாக வர வேண்டிய பட்டியல்) டேலி ஆகாது. சரிசெய்யச் சொன்னால் ஒரு பக்கத்துத் தொகையை மாற்றிவிட்டு இப்போது சரி என்று சொல்லும், மறுபடியும் உதைக்கும். தேர்வறையில் ஒரு பிள்ளை இருப்புநிலைக் குறிப்பு சேரவில்லை என்று தன்னையே நொந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் ஏற்க முடியாது.

அதனால் வேலையைத் திருப்பிப் போட்டேன். எண்களை எக்செலில் நானே முதலில் அமைத்து, விடையை முடித்துவிடுகிறேன். அந்த எண்களைக் கொடுத்து, அவற்றைச் சுற்றி ஒரு தொழிலின் விவரத்தை மட்டும் எழுதித் தரச் சொல்கிறேன். அதில் அது கெட்டி.

பாடநூல்களில் எப்போதும் துணிக்கடை, மளிகைக்கடைதான் வரும். என் வகுப்பில் பாதிப் பேர் மீன்பிடித் துறைமுகத்தை நம்பி வாழும் குடும்பம். விசைப்படகு உரிமையாளர் ஒருவரின் கணக்கைக் கேட்டேன். டீசல், ஐஸ், வலை பழுது, படகுக்குத் தேய்மானம் எல்லாம் சரியாக வந்தது. ஆனால் பன்னிரண்டு மாதமும் மீன் விற்று வரவு வருவதாக எழுதியிருந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்கே போகாது. வரவு நிற்கும், கடனுக்கு வட்டி நிற்காது, தேய்மானமும் நிற்காது. நான் சொன்ன பிறகு திருத்தித் தந்தது. அந்தத் திருத்தத்திலிருந்து நிலையான செலவு, மாறும் செலவு என்ற பாடம் முழுவதையும் நடத்த முடிந்தது. வகுப்பில் பொதுவாக வாய் திறக்காத பையன், "மேடம், படகைக் கரையேத்தி பெயின்ட் அடிக்கிற செலவை விட்டுட்டீங்க" என்றான். சேர்த்துக்கொண்டோம். ஏஐக்கு அது தெரியாது, உண்மையில் எனக்கும் தெரியாது.

புதிதாக முயல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவர் பெயர், பதிவெண், இன்டர்னல் மதிப்பெண் எதையும் உள்ளே போட வேண்டாம். மார்க் பட்டியலை ஒழுங்குபடுத்தத்தானே என்று தோன்றும். அது பிள்ளைகளின் விவரம், நமக்குக் கொடுக்க உரிமை இல்லை.

கௌரவ விரிவுரையாளர், வரலாறு, தண்டையார்பேட்டை

ஒரே பருவத்தில் பல தாள்கள் எடுக்க வேண்டியிருக்கிறது என்பதால் எனக்கு இது பெரிய கை கொடுக்கிறது. மேற்கோள் நூல் பட்டியலுக்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. உண்மையான ஆய்வாளர் பெயர், நம்பும்படியான தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் எல்லாம் போட்டு, உலகத்தில் இல்லாத புத்தகத்தைத் தரும். அடுத்தடுத்த சொல்லாக எது வரக்கூடும் என்று கணித்து எழுதுகிற கருவி அது. நூலகத்தில் தேடிப் பார்த்துச் சொல்வதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். இணையத்தில் தேடும் வசதி இருந்தாலும் இணைப்பைத் திறந்து பார்க்காமல் மாணவருக்குக் கொடுக்காதீர்கள். நம்பி நூலகத்துக்குப் போய்க் கேட்கிற பிள்ளை வெறுங்கையோடு திரும்பினால், அடுத்த முறை போகமாட்டாள்.

எனக்கு நன்றாக வேலை செய்வது இதுதான்: என் நோட்ஸைக் கொடுத்து, பேசுகிற நடையில் மாற்றித் தரச் சொல்கிறேன். கொஞ்சம் செயற்கையாக இருக்கும், என் வாய்க்கு ஏற்றபடி திருத்திக்கொள்வேன். அதை என் குரலிலேயே போனில் பதிவுசெய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலில் வருகிறவர்கள் வழியிலேயே கேட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் கேட்பதில்லை, அதனால் ஒரு பதிவுக்கு ஒரே கேள்விதான். 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பற்றிய பதிவைத்தான் அதிகம் பேர் திரும்பக் கேட்டதாகச் சொன்னார்கள். அடுத்த பருவத்துக்கு யாராவது இதேபோல் புவியியலுக்குச் செய்கிறீர்கள் என்றால் சொல்லுங்கள், எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலை ஆறு பற்றி நாம் சேர்ந்தே தயாரிக்கலாம்.