ஜெர்மனியில் காலி பாட்டில்: மெஷின் துப்பினால் என்ன செய்வது? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கொலோன்வாசி:
புதிதாக வரும் மாணவர்கள் பை நிறைய காலி பாட்டிலோடு கடையில் அவற்றை வாங்கிக்கொள்ளும் மெஷினுக்குப் போய், பாதியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் ஒன்றுதான். இங்கே பானம் வாங்கும்போது சேர்த்து வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற 'ஃபான்ட்' என்கிற வைப்புத்தொகை இரண்டு வகை. ஒரே தடவை பயன்படுத்தி நசுக்கிவிடும் பிளாஸ்டிக் பாட்டில், டின் என்றால் 25 சென்ட். இது 'ஐன்வேக்'. 100 மில்லி முதல் 3 லிட்டர் வரை எல்லா அளவுக்கும் ஒரே தொகைதான். கழுவி மறுபடி நிரப்புகிற பாட்டில் 'மேர்வேக்'. அதில் சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். கம்பி மூடி போட்ட பீர் பாட்டில், கண்ணாடித் தண்ணீர் பாட்டில், கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் இவற்றுக்கு 15.

25 சென்ட் வகையில் பார்கோடுக்குப் பக்கத்தில் பாட்டில், டின், வளைந்த அம்பு மூன்றும் சேர்ந்த சின்ன முத்திரை இருக்கும். அது சாதாரண மை இல்லை. மெஷின் அகச்சிவப்பு ஒளியில் அதைத்தான் தேடுகிறது. ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினால் வேலைக்காகாது.

கடைக்காரன், டோர்ட்முண்ட்:
மெசின் எடுக்கேல்லை எண்டால் காசு போச்சு எண்டு நினைச்சுக் குப்பையில போடாதேங்கோ. முதல்ல போத்தலை முழுசா வெறுமையாக்குங்கோ. கொஞ்சம் குடிபானம் மிச்சம் கிடந்தாலும் பாரம் ஒத்துவராமல் வெளிய தள்ளும். மூடியோடயே போடலாம். அடிப்பக்கம் உள்ளுக்குப் போற மாதிரிப் படுக்க வையுங்கோ. உருட்டி பார்கோட்டை அதுவே தேடிக்கொள்ளும். லேபிளைக் கிழிச்சா அல்லது தண்ணியில ஊறி அது கழண்டு போனா மெசினுக்கு ஒண்டும் தெரியாது.

நசுங்கின டின்னை மெசின் எடுக்காது. ஆனால் முத்திரையும் பார்கோடும் கண்ணுக்குத் தெரிஞ்சால் காசாளரிட்டக் கையில குடுங்கோ, கடை எடுக்கத்தான் வேணும். சட்டம் கடமையைக் கடையிலதான் வைச்சிருக்கு, மெசினில இல்லை. ஒரு கடை பிளாஸ்டிக் ஐன்வேக் விக்குது எண்டால், வேற கடையில வாங்கின பிளாஸ்டிக்கையும் எடுக்க வேணும். டின் விக்காத கடை டின் எடுக்கத் தேவையில்லை. 200 சதுர மீற்றருக்குக் குறைஞ்ச சின்னக் கடைக்கு மட்டும் சலுகை: தான் விக்கிற பிராண்டை மட்டும் எடுத்தாக் காணும். மூலைக் கியோஸ்க்கோட சண்டைக்குப் போக முதல் இதை யோசியுங்கோ.

பீர் பிரியன்:
அப்போ டிஸ்கவுண்ட் கடையில் பீர் பாட்டிலை மட்டும் ஏன் துப்புகிறது?

கொலோன்வாசி:
ஏனென்றால் அது மேர்வேக். எல்லாக் கடையும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்ற விதி அதற்குக் கிடையாது. தான் விற்கிற வகையைத்தான் கடை எடுக்கும், மலிவுக் கடைகள் பல மேர்வேக் விற்பதே இல்லை. 'கெட்ரெங்கமார்க்ட்' எனப்படும் பானக் கடைக்கோ பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கோ கொண்டு போங்கள். பாட்டில் அடுக்கும் பெட்டியான கிரேட்டோடு கொடுத்தால் கீழே இருக்கிற அகலமான வாய்க்குள் அப்படியே தள்ளலாம். காலி கிரேட்டுக்கு மட்டும் 1.50 யூரோ. 20 பீர் பாட்டில் சேர்த்தால் 1.60 + 1.50 = 3.10. 12 தண்ணீர் பாட்டில் கிரேட் என்றால் 1.80 + 1.50 = 3.30. பாட்டிலை மட்டும் கொண்டு போய் கிரேட்டை பால்கனியில் செருப்பு வைக்க வைத்துக்கொள்பவர்கள் ஒன்றரை யூரோவை மறந்துவிடுகிறார்கள். மதுபான ஆலைகளும் ஒவ்வொரு கோடையிலும் கிரேட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சுகின்றன. புதுப் பாட்டில் வாங்க அவர்களுக்கு 8 சென்ட்டுக்கு மேல் ஆகிறது.

ஹாம்பர்க் தம்பி:
எல்லாம் போட்டபின் பச்சைப் பொத்தானை அழுத்திச் சீட்டை எடுங்கள். அழுத்தாமல் நகர்ந்தால் அடுத்த ஆள் கணக்கில் சேரும். சில மெஷினில் நன்கொடைப் பொத்தானும் பக்கத்திலேயே இருக்கும், பார்த்து அழுத்துங்கள். சீட்டைக் காசாளரிடம் கொடுத்தால் பணமாகவே தருவார்கள், எதுவும் வாங்க வேண்டியதில்லை. பணம் கேட்கும் உரிமை சட்டப்படி மூன்று வருடம் இருக்கிறது. ஆனால் வெயிலில் காருக்குள் கிடந்தால் தெர்மல் தாளில் எழுத்து அதற்கு முன்பே மங்கிவிடும். சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் உள்ளே தொட்டி நிறைந்திருக்கும். மணி பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருங்கள்.

பழைய ஆள், பெர்லின்:
இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1991 விதிமுறை, மறுபடி நிரப்பும் பாட்டிலின் பங்கு 72 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒருமுறைப் பாட்டிலுக்கு வைப்புத்தொகை கட்டாயம் என்று எழுதிவைத்தது. பங்கும் அதற்குக் கீழே போனது. சுற்றுச்சூழல் அமைச்சர் யூர்கன் ட்ரிட்டின் காலத்தில் 2003 ஜனவரி 1இல் வைப்புத்தொகை அமலுக்கு வந்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு கடைச் சங்கிலியும் தனி வடிவ பாட்டில் செய்து, தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டது. 2006 மேயில்தான் அந்தத் தந்திரம் முடிந்தது. 2022இல் பழச்சாறு உட்பட, பால் தவிர எல்லா ஒருமுறை பிளாஸ்டிக் பாட்டிலுக்கும், 2024இல் பிளாஸ்டிக் பால் பாட்டிலுக்கும் நீட்டினார்கள். காகித அட்டைப் பெட்டிப் பானங்களுக்கு இன்னும் இல்லை.

திரும்பி வருவதில் குறை சொல்ல முடியாது, கிட்டத்தட்ட எல்லாமே வருகிறது. ஆனால் எதற்காகக் கொண்டுவந்தார்களோ அது நடக்கவில்லை. சட்டத்தின் இலக்கு 70 சதவீதம். மேர்வேக் பங்கு பாதியைக்கூட எட்டவில்லை. திருப்பப்படாத பாட்டிலின் 25 சென்ட் அரசுக்கும் போவதில்லை, நிரப்பிய நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. இது எனக்கு ஒப்பவே இல்லை.

ஹாம்பர்க் தம்பி:
ஆஸ்திரியா 2025 ஜனவரியில் இதே 25 சென்ட்டைக் கொண்டுவந்தது. தொகை ஒன்றாக இருந்தாலும் முத்திரை வேறு. அந்த ஊர் டின்னையும் நெதர்லாந்து டின்னையும் இங்கே எந்தக் கடையும் எடுக்காது. பயணத்தில் வாங்கியதை எல்லை தாண்டும் முன் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

கடைக்காரன், டோர்ட்முண்ட்:
இன்னொண்டு. நீலகிரியில 2022இல தொடங்கின, காலிப் போத்தலைத் திருப்பிக் குடுத்தால் பத்து ரூபாய் தாற டாஸ்மாக் (தமிழ்நாடு அரசு மதுக்கடை) திட்டத்தைப் பாத்திட்டு வாறவை விஸ்கிப் போத்தலைத்தான் முதல்ல தூக்கிக்கொண்டு வருவினம். இங்க தலைகீழ்: கண்ணாடி வைன், விஸ்கி, ரம் போத்தலுக்கு ஃபான்ட் இல்லை. அதுகளைத் தெருவில நிக்கிற, கண்ணாடி போடுற தொட்டியில வெள்ளை, பச்சை, பழுப்பு எண்டு பிரிச்சுப் போட வேணும். நீல நிறம் எண்டால் பச்சைக்குள்ள. இரவிலயும் ஞாயிறிலயும் போடாதேங்கோ, சத்தத்துக்கு அயலவை முறைப்பாடு குடுப்பினம்.