தங்க நானோ துகள் பிஎஸ்ஏ பட்டை: சீரத்தில் மட்டும் சொதப்புகிறது, உதவுங்கள்

வணக்கம். நோயறி ஆய்வகத்தில் இருப்பவர்கள் யாராவது வழிகாட்டினால் புண்ணியமாகப் போகும்.

புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பிஎஸ்ஏ புரதத்தைக் காட்டும் பட்டைச் சோதனைதான் எங்கள் முதுகலை புராஜெக்ட். கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரியே. 40 நானோமீட்டர் தங்கத் துகளில் பிஎஸ்ஏவைப் பிடிக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புரதம்) ஏற்றியிருக்கிறோம்; பட்டையின் கோட்டில் இன்னொரு ஆன்டிபாடி. பஃபரில் (வேறு புரதம் இல்லாத, அமிலத்தன்மை மாறாத கரைசலில்) கலந்த பிஎஸ்ஏவுக்குக் கோடு பளிச்சென்று சிவப்பாக விழுகிறது. சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) வைத்தால் கதையே வேறு. பெண்களின் சீரத்தில் பிஎஸ்ஏ அநேகமாக இருக்காது. அதை வைத்தாலும் மங்கலாக ஒரு கோடு!

உப்புக் கரைசல் விட்டும் பார்த்தாயிற்று. துகள்கள் திரண்டிருந்தால் சிவப்பு நீலமாகியிருக்கும், மாறவில்லை. ஆக, சீரத்தின் மற்ற புரதங்கள் மேல்தான் சந்தேகம். மில்லிலிட்டருக்கு 40 மில்லிகிராம் ஆல்புமின் (சீரத்தில் அதிகமுள்ள புரதம்) நடுவே 4 நானோகிராம் பிஎஸ்ஏவைத் தேடுகிறோம், ஒரு கோடி மடங்கு வித்தியாசம். 2003இல் அமெரிக்க வேதியியலாளர் மிர்கினின் குழு பயோ பார்கோடு முறையில் (டிஎன்ஏ இழைகளை அடையாளக் குறியாக வைக்கும் முறை) பிஎஸ்ஏவை அட்டோமோலார் என்ற மிக மிக நுண்ணிய செறிவிலேயே பிடித்ததைச் சொல்லி கைடு உசுப்பேற்றுகிறார். எங்களுக்கு அந்த 4 தெரிந்தாலே போதும் சார்!

துகளின் மேற்பரப்பை மூட இப்போது மாட்டு ஆல்புமின்தான் போடுகிறோம் (அதன் ஆங்கிலச் சுருக்கம் BSA; நாங்கள் தேடும் பிஎஸ்ஏவோடு, அதாவது PSAவோடு, குழப்பிக்கொள்ளாதீர்கள்). பதிலுக்கு பெக் பாலிமர் (PEG, புரதங்கள் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) போட்டால் பின்னணிக் கோடு குறையுமா? இல்லை, சீரத்திலுள்ள ஹெட்டரோஃபிலிக் ஆன்டிபாடிகள் (விலங்கு ஆன்டிபாடிகளோடு ஒட்டிக்கொள்ளும் மனித ஆன்டிபாடிகள்) எங்கள் இரண்டு ஆன்டிபாடிகளையும் பாலம்போல் இணைக்கின்றனவா? அதைத் தடுக்க எலி ஐஜிஜி (எலியின் சாதாரண ஆன்டிபாடி) எவ்வளவு சேர்ப்பீர்கள்? சீரத்தை நீர்க்கச் செய்தால் கோடு மறைகிறது, கூடவே உண்மையான பிஎஸ்ஏ கோடும் போய்விடுகிறது.

பட்டைகளின் படத்தைக் கமென்ட்டில் போடுகிறேன்.