கடற்கொள்ளையர் வேடத் திருவிழா: பிள்ளையைக் கூட்டிப் போனது தவறா?

பாய்மரம்:
போன ஞாயிறு முழுக்க நானும் என் ஒன்பது வயது மகளும் ஒரு கடற்கொள்ளையர் வேடத் திருவிழாவில் இருந்தோம். இரண்டு வாரமாக வீட்டில் அதே வேலைதான். வட்டமான கம்பளித் தொப்பி ஒன்றைக் கெட்டில் ஆவியில் காட்டி, விளிம்பு இளகியதும் மூன்று பக்கமும் மடக்கித் தைத்தோம். புதுச் சட்டை புதிதாகத் தெரியக்கூடாது என்று அதைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, முழங்கைப் பக்கம் உப்புத்தாளால் தேய்த்தாள். திருவிழா வாசலில் எல்லோருடைய வாளையும் வாங்கிப் பார்த்து, உறையோடு சேர்த்துக் கட்டி உள்ளே விட்டார்கள். மகளுடையது அட்டை வாள்தான், இருந்தாலும் தன்னுடையதையும் கட்டித் தரச் சொல்லி வரிசையில் நின்றாள்.

மத்தியானம் பீரங்கி சுட்டார்கள், குண்டில்லாமல் வெறும் மருந்து மட்டும் வைத்து. நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. அப்புறம் முன்பின் தெரியாத நூறு பேரோடு சேர்ந்து கயிறு இழுத்து, பாட்டுப் பாடி, இருட்டிய பிறகுதான் கிளம்பினோம்.

படங்களை அனுப்பியதும் உறவினர் ஒருவர், "கொள்ளைக்காரன் வேடத்தைப் பிள்ளைக்குப் போட்டு அழகு பார்க்கிறாயா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு இதில் தவறு தெரியவில்லை. அவள் தன் கையால் ஒரு வேடம் செய்து, ஒரு நாள் முழுக்க வேறொரு ஆளாக இருந்து பார்த்தாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நங்கூரம்:
உங்கள் உறவினர் கேட்டது நியாயமான கேள்வி.

நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவன். 2010இல், சோமாலியக் கொள்ளையர் நடமாடிய ஏடன் வளைகுடாவைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்தப் பகுதி நெருங்கும் முன்பே கப்பலைச் சுற்றி முள்கம்பி கட்டிவிடுவோம். தீயணைப்புக் குழாய்களை வெளிப்பக்கம் திருப்பி வைப்போம். பாய்லர் சூட் என்று நாங்கள் சொல்கிற முழு உடல் வேலை உடை பழசானதை எடுத்து, அதற்குள் கந்தல் துணியைத் திணித்து, மேலே ஹெல்மெட் மாட்டி, ஆள் காவல் நிற்பதுபோல டெக் ஓரத்தில் பொம்மைகளை நிறுத்துவோம். நான் கட்டிய பொம்மைக்கு என்னுடைய பழைய சூட்டைத்தான் போட்டேன். மார்பில் என் பெயர் இருந்தது. ராத்திரி வெளிச்சமில்லாமல் அதைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். வேடம் என்றால் என் ஞாபகத்துக்கு வருவது அதுதான்.

அதே 2010 மார்ச்சில் ஐஸ்பெர்க் 1 என்ற கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்தார்கள். அதிலிருந்தவர்கள் விடுபட்டது 2012 டிசம்பரில். அத்தனை நாளும் அவர்களுடைய வீடுகளில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒரு தொழிலைச் செய்து பிழைப்பவனைத் துப்பாக்கி முனையில் பிடித்துவைப்பவனை விளையாட்டுக்குக்கூட நல்லவனாகக் காட்டாதீர்கள்.

நூலும் ஊசியும்:
நங்கூரம் அண்ணா, நீங்கள் பட்டதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் உங்களைத் துரத்தியவனும் அந்தப் பிள்ளை போட்ட வேடமும் ஒன்றில்லை.

பத்து வருடமாக இந்த விழாக்களுக்கு உடை தைக்கிறேன், அதனால் சொல்கிறேன். தலையில் துணிக்கட்டு, இடுப்பில் அகலமான பட்டை என்ற இந்தத் தோற்றத்தைப் பரப்பியவர் ஹோவர்ட் பைல் என்ற அமெரிக்க ஓவியர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பத்திரிகைகளுக்கு அவர் வரைந்த படங்களிலிருந்துதான் அது வந்தது. 1700களின் நிஜக் கொள்ளையர் சாதாரண மாலுமி போடுகிற குட்டைச் சட்டையும் தொளதொளக் கால்சட்டையும்தான் போட்டிருந்தார்கள். புதையல் வரைபடமும் தோளில் கிளியும் ஊரெல்லாம் பரவியது ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' 1883இல் புத்தகமாக வந்த பிறகு. ஆக, நான் தைப்பது ஒரு கதைப் பாத்திரத்தின் உடை. அமெரிக்காவின் டாம்பா நகரில் 1904 முதல் காஸ்பரில்லா விழா நடக்கிறது. அதன் நாயகன் ஹோசே காஸ்பர் என்ற கொள்ளையன் இருந்ததற்கு ஓர் ஆதாரமும் கிடையாது. இல்லாத ஆளுக்குத்தான் அத்தனை கொண்டாட்டமும்! 2012இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் 14,231 பேர் இந்த வேடத்தில் கூடி உலக சாதனை செய்தார்கள். அவர்களெல்லாம் கொள்ளையைப் புகழவா வந்தார்கள்?

இன்னொன்று. கொள்ளையர் தங்கள் தலைவனை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள், காயம்பட்டவனுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். அந்தக் காலத்து வணிகக் கப்பலில் மாலுமிக்கு இதெல்லாம் ஏது? பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

பழைய ஏடு:
அந்த இழப்பீட்டுக் கணக்கை முழுசாகப் படித்தீர்களா? 17ஆம் நூற்றாண்டுக் கரீபியன் கொள்ளையரோடு கப்பலில் இருந்த எக்ஸ்கெமெலின் என்ற மருத்துவர் அதை எழுதி வைத்திருக்கிறார். 1678இல் டச்சு மொழியில் வந்த புத்தகம். வலது கை போனால் 600 வெள்ளிக்காசு அல்லது ஆறு அடிமைகள். ஒரு கண் போனால் 100 காசு அல்லது ஓர் அடிமை. வாக்குரிமையும் இழப்பீடும் அவர்களுக்குள்ளே மட்டும்தான். அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டவர்களிடம் யார் வாக்குக் கேட்டார்கள்?

1722இல் பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற கொள்ளையர் தலைவனின் ஆட்கள் ஆப்பிரிக்காவின் உய்தா கரையில் ஓர் அடிமைக் கப்பலுக்குத் தீ வைத்தார்கள். மீட்புப் பணம் தரவில்லை என்பதுதான் காரணம். உள்ளே ஆட்கள் சங்கிலியில் இருந்தார்கள். இதைப் படித்த பிறகு என்னால் அந்த மண்டையோட்டுக் கொடியைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

காஸ்பரில்லாவைப் பற்றிச் சொன்னீர்கள். 1991இல் அதன் ஊர்வலம் ரத்தானது ஏன் என்றும் சொல்லியிருக்கலாம். விழாவை நடத்திய சங்கத்தில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை என்று எதிர்ப்பு வந்தது. அவர்களைச் சேர்ப்பதைவிட ஊர்வலத்தை நிறுத்துவதே மேல் என்று சங்கம் முடிவெடுத்தது. நாயகன் கற்பனைதான், ஆனால் வேடம் போட்டவர்கள் நிஜ மனிதர்கள்.

விழாவைத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. கொள்ளையனை முற்போக்குவாதி ஆக்காதீர்கள், அவ்வளவுதான்.

நூலும் ஊசியும்:
ஆறு அடிமைகள் என்ற வரி எனக்குத் தெரியாது. வாக்குரிமைப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

உடையைப் பற்றிச் சொன்னதை விடமாட்டேன். ராஜா வேடம் போடுகிற பிள்ளையிடம் அந்த ராஜா எத்தனை ஊரைக் கொளுத்தினான் என்று நாம் கேட்பதில்லை. கொள்ளையன் வேடத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கேள்வி?

நங்கூரம்:
ராஜாக்கள் இப்போது யாருடைய கப்பலிலும் ஏறுவதில்லை அம்மா. இவர்கள் இன்னும் ஏறுகிறார்கள்.

பாய்மரம்:
அண்ணா, நீங்கள் எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் இரண்டு கேள்வி கேட்டாள். கொள்ளையடிக்கப்பட்ட கப்பலில் இருந்தவர்கள் வேடத்தை விழாவில் ஏன் யாருமே போடவில்லை? இன்னொன்று, பொம்மையை அந்தக் கொள்ளையர்கள் நம்பினார்களா?

அவளை அழைத்துப் போனது தவறு என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. போகாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி அவளுக்கு வந்திருக்காது. அடுத்த வருடமும் போவோம். ஆனால் முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நூலும் ஊசியும்:
எனக்கும் சுருக்கென்றது அக்கா. பத்து வருடத்தில் வணிகக் கப்பல் மாலுமி உடை வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் தைத்து வைத்ததில்லை. தைப்பதும் கஷ்டமில்லை, கொள்ளையன் உடையும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே வெட்டுதான். பாப்பாவின் அளவை அனுப்புங்கள்.

நங்கூரம்:
இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

விடியும் நேரத்தில் இரண்டு சின்னப் படகுகள் எங்களை நோக்கி வந்தன. நான் கீழே இன்ஜின் ரூமில் இருந்தேன், மேலிருந்து போனில் சொன்னார்கள். மீன்பிடிப் படகாக இருக்கலாமே என்று கேட்டேன். ஒன்றில் ஏணி இருக்கிறது என்றார்கள். மீன் பிடிக்கப் போகிறவனுக்கு ஏணி எதற்கு? வேகத்தை முழுசாகக் கூட்டச் சொன்னார்கள், கூட்டினோம். இருபது நிமிடம் பக்கத்திலேயே வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

முள்கம்பியைப் பார்த்துப் போனார்களா, பொம்மையைப் பார்த்துப் போனார்களா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பாப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள். அந்தப் பகுதியைத் தாண்டியதும் பொம்மைகளைப் பிரித்துவிட்டோம். என் சூட்டைத் துவைத்து மடித்து வைத்தேன். மறுபடி அதைப் போடவில்லை.