மடிப்பில் கிழிந்த பழைய பட்டுச் சேலையில் பாவாடை தைக்க முடியுமா?

கேள்வி (பாளையங்கோட்டையிலிருந்து)

வணக்கம். 1984-ஆம் ஆண்டு என் அம்மா கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குப் பட்டு, பீரோவிலேயே கிடந்து மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருக்கிறது. என் மகளுக்கு எட்டு வயது. ஆனித் தேரோட்டத்தன்று ஆச்சியின் பட்டிலேயே பாவாடை கட்டிக்கொண்டு நெல்லையப்பர் தேரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறாள். முதலில் ஒரு கிழிசலை வழக்கமான பாலியஸ்டர் நூலால் தையல் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். போட்ட தையல் அப்படியே நின்றது. ஆனால் அதற்கு ஒரு நூல் தள்ளித் துணி நீளமாகக் கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து கத்தரிக்கோலை எடுக்கவே கை வரவில்லை. சேலையின் அகலம் 46 அங்குலம், மகளுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 28 அங்குலம். பட்டு வேண்டாமென்றால் அம்மாவின் வீரவநல்லூர் செடிபுட்டா சேலை ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. எதை வெட்டலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (பேட்டை, முப்பது ஆண்டாகத் தையல் வேலை)

தங்கச்சி, துணி கிழிந்தது உங்கள் கைத்தவறு அல்ல. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் மடிந்து கிடந்த பட்டில் அந்த இழைகள் மட்டும் இற்றுப்போயிருக்கும். அதில் பாலியஸ்டர் நூலைப் போட்டால் நூல் விட்டுக்கொடுக்காது, துணிதான் விட்டுக்கொடுக்கும். பருத்தி நூலுக்கு மாறுங்கள். மெஷினில் 16-ஆம் எண் ஊசி இருந்தால் கழற்றிவிட்டு அதைவிட மெல்லிய 11-ஆம் எண் ஊசியைப் போட்டு, நூலின் இறுக்கத்தையும் சற்றுத் தளர்த்துங்கள்.

வெட்டுவதற்கு முன் சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, வெளிச்சம் கோடாகத் தெரியும் இடங்களையெல்லாம் நூலால் அடையாளம் செய்யுங்கள். பாவாடைக்கு மூன்று மீட்டர் நீளம் போதும் என்பதால், அதிகம் விட்டுப்போன பகுதியைத் தள்ளிவிட்டு நல்ல பகுதியைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. கீழ்க்கரை அப்படியே பாவாடையின் அடியாகட்டும். 28 அங்குலத்தோடு டக்கிற்கு (குறுக்கே மடித்துத் தைக்கும் மடிப்புக்கு) 3, பாடியோடு (பாவாடைக்கு மேலே தோளில் மாட்டும் உள்சட்டைப் பகுதியோடு) சேர்க்க 1 என 32 அங்குலத்தில் வெட்டினால், மேல்கரையோடு 14 அங்குலம் மிஞ்சும். சட்டையின் கைக்கு அது ஆகும்.

சேலையை நீளவாக்கில் இரண்டாக மடித்து வைத்திருந்தால் கரையிலிருந்து 23-ஆவது அங்குலத்தில் ஒரு நலிந்த கோடு ஓடும். அந்தக் கோட்டிலேயே உள்பக்கமாக மடித்து, ஒன்றரை அங்குலம் தள்ளி நல்ல துணியில் டக் போட்டுவிடுங்கள். கிழிசல் டக்கிற்குள் போய்விடும். உள்ளே லைனிங் கொடுக்கும் மெல்லிய பருத்தித் துணியை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் அது சுருங்கிப் பட்டை இழுக்கும்.

பதில் 2 (அம்பாசமுத்திரம்)

பேட்டை அண்ணன் சொன்ன டக் நல்ல யோசனைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடத்தானே பாவாடையில் டக் வைக்கிறோம்? நலிந்த கோட்டை அதற்குள் ஒளித்துவிட்டால் அடுத்த ஆண்டு பிரிக்க முடியாது. ஆகவே அதைப் பிரிக்காத டக்காக வைத்துக்கொண்டு, நீளத்தைப் பாடியில் கொடுங்கள். பாடியின் தோள்பட்டையில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்து வைத்தால் பாவாடையைத் தொடாமலே இறக்கிக்கொள்ளலாம். குறுக்கு மடிப்புகள் விழுந்த இடங்களைக் கொசுவத்தின் உட்பக்கம் வருமாறு அமைத்து, லைனிங்கோடு கையாலேயே ஓட்டுத் தையல் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பட்டை எடைக்கு வாங்குவதாகத் தெருவில் வருபவர்களிடம் மிச்சத் துணியைக் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் தேடுவது சரிகையில் உள்ள வெள்ளியை.

பதில் 3 (வீரவநல்லூர்)

செடிபுட்டாவை வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர் சௌராஷ்டிர நெசவாளர்கள் ஆர்ட் சில்க்கும் பருத்தியும் கலந்து நெய்யும் இந்தச் சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல நிலையில் இருக்கும் சேலையை நீங்களே தேருக்குக் கட்டிக்கொண்டு போங்கள். கிழிந்த பட்டுக்கு இனி பாவாடைதான் வாழ்வு.

கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் நன்றி. சேலையின் ஓரத்தில் நாலு அங்குலத் துண்டு ஒன்றை எடுத்து, பருத்தி நூலும் 11-ஆம் எண் ஊசியும் போட்டுத் தைத்து, இரு கையாலும் இழுத்துப் பார்த்தேன். துணி நின்றது. அண்ணன் சொன்னபடி 23-ஆவது அங்குலத்தில் கோடும் இருந்தது; வெளிச்சத்தில் பிடித்தபோது ஊசித்துளைகளை வரிசையாகக் குத்தியதுபோல் தெரிந்தது. டக்கைப் பிரிக்காமல் வைத்து, தோள்பட்டையில் நீளம் விடுவதாக முடிவு செய்திருக்கிறேன். மூன்று மீட்டரே போதும் என்பதால் முந்தியில் கை வைக்கவில்லை. அதைப் பருத்தித் துணியில் சுற்றி, பழைய மடிப்பில் மடிக்காமல் உருட்டி வைத்திருக்கிறேன்.