டாவோவில் ஒரு வாள்

கார்த்தி (டாவோ): (படம்) மாமா, இங்கே பழைய சாமான் கடையில் பார்த்தேன். நூறு வருஷத்து மோரோ கிரிஸ், அதாவது இந்தத் தென் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களின் வாள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

அம்மா: டாக்டருக்குப் படிக்கப் போனவனுக்கு வாள் எதுக்குடா?

மாமா (சிங்கப்பூர்): கொஞ்சம் பொறு அக்கா. கார்த்தி, நெளிவைப் பார்த்து மயங்காதே. மோரோ கிரிஸில் நேர் அலகும் உண்டு, பிடிப்பக்கம் நெளிந்து நுனிப்பக்கம் நேராகப் போவதும் உண்டு. பிடியை ஒட்டி அலகு அகலும் இடத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பு.

கார்த்தி: (படம்) சாய்வாக ஒரு கோடு போகிறது. ஓரத்தில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வெட்டு.

மாமா: கோட்டுக்கு மேலே இருப்பதுதான் கங்யா. பழைய வாளில் அது தனித் துண்டு, அலகின் மேல் பொருத்தியிருப்பார்கள். 1930-களுக்கு அப்புறம் செய்தவை பெரும்பாலும் ஒரே இரும்பு, பேருக்கு ஒரு கோடு கீறிவிடுவார்கள். டார்ச் அடித்து அலகின் கனத்தை, அதாவது தடிமன் தெரியும் விளிம்பைப் பார். அந்த இடத்திலும் கோடு தெரிகிறதா?

அத்தை: அந்த வெள்ளிப் பட்டை என்ன அழகு! கொலுசு செய்கிற கைவேலை மாதிரி இருக்கு.

மாமா: அது அசாங்-அசாங். அலகைப் பிடியோடு சேர்த்து இறுக்கும் கவ்வி. செம்பு, பித்தளையிலும் வரும். மலாய்க்காரர்களின் குத்துவாளான கெரிஸுக்கு இது கிடையாது. அது குத்துகிற ஆயுதம், இது வெட்டுவது. ஓங்கி வெட்டும்போது அலகு பிடிக்குள் திரும்பிவிடக் கூடாதே.

கார்த்தி: பிடியின் தலை வெள்ளையாக, கிளி மூக்கு மாதிரி இருக்கு. தந்தமாம்.

மாமா: காகதுவா, கொண்டைக்கிளி. தந்தம் என்றால் தொடவே தொடாதே, ஏர்போர்ட்டில் மாட்டுவாய். குறுக்கு வெட்டில் வலை பின்னின மாதிரி ரேகை இருந்தால் தந்தம். புள்ளி புள்ளியாக இருந்தால் எலும்பு.

கார்த்தி: புள்ளிதான். அலகின் கனத்தில் கோடும் இல்லை மாமா. இரண்டு முகத்திலும் மட்டும் கீறியிருக்கு.

மாமா: அப்போ நூறு வருஷம் எல்லாம் கதை. நல்ல பழையதில் நிறைய அமெரிக்காவுக்குப் போய்விட்டது. 1899 முதல் 1913 வரை மோரோக்களுக்கும் அமெரிக்கப் படைக்கும் சண்டை. 1906-ல் ஹோலோ தீவின் புட் டாஜோ மலையில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் வாள்களை ஊருக்கு எடுத்துப் போனார்கள். என்னிடம் இருக்கிற பாரொங், அதுவும் மோரோ வாள்தான், அப்படி ஒரு சிப்பாயின் பெட்டியில் கிடந்ததுதான். துடைக்க எடுக்கும்போதெல்லாம் அதன் சொந்தக்காரன் யாரோ என்று தோன்றும்.

அத்தை: அதனால்தான் பீரோவுக்குள் வைக்கச் சொன்னேன்.

மாமா: அசல் பழசே கிடைத்தாலும் பிலிப்பைன்ஸ் தேசிய அருங்காட்சியகத்தின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே எடுத்துவர முடியாது, கார்த்தி.

கார்த்தி: டார்ச் அடித்ததுமே விலையைப் பாதியாக்கிவிட்டார். இப்போது என் போனை வாங்கி, கடையில் இருக்கிற மற்ற வாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாமா: ஒன்றிலாவது கனத்தில் கோடு தெரிந்தால் உடனே என்னைக் கூப்பிடு.

அம்மா: கூப்பிடாதே.